தபாலில் விளம்பரம் அனுப்பும்போது தொழில்நுட்பத்தைப் புதுமையாக எப்படிப் பயன்படுத்தலாம்?

இலங்கையின் கல்முனையில் அச்சு வடிவமைப்பு செய்கிறேன். பெருநாளுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் முன்னால் பக்கத்து ஊரான மருதமுனையின் கைத்தறிக்காரர்கள் தங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்கு அட்டை அனுப்புவார்கள். அந்த வேலையில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எல்லா அட்டையிலும் ஒரே கியூஆர் கோட்டை அடித்துக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். அதில் யார் பார்த்தார் என்றே தெரியாது. ஆளுக்கொரு கோட் போடுங்கள். வட்ஸ்அப் இணைப்புக்குள் கடை இலக்கத்தோடு ஒரு செய்தியையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஸ்கேன் செய்ததும் "அட்டை 214, நீலக்கரைச் சாறம் பார்க்க வேண்டும்" என்று தயாராக நிற்கும். அவர் அனுப்பினால் போதும், கேட்டது யார் என்று உங்கள் பட்டியலே சொல்லும். எக்செல் பட்டியலும் டிஜிட்டல் அச்சும் இருந்தால் இது முடியும். ஓப்செட் அச்சில் ஒரே தகடுதான் திரும்பத் திரும்ப அச்சாகும், அங்கே சரிவராது.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்ச் செய்தியை அப்படியே இணைப்பில் போட்டால் எழுத்தெல்லாம் %E0 போன்ற குறிகளாக மாறும்; 'க' 9 குறிகளாக விரியும், 'கி' 18 ஆகும். கோட் நெருக்கமாகி, சாதாரண ஃபோன் கமரா திணறும். ஆகவே சுருக்கிய இணைப்பையே கோட்டாக்குங்கள். அப்படி மிஞ்சும் இடத்தில் பிழைதிருத்த அளவைக் கூட்டலாம். மிக உயர்ந்த அளவில், கோட்டில் ஏறக்குறைய 30 வீதம் அழிந்தாலும் ஃபோன் வாசிக்கும். மாரியில் நனைந்து வரும் தபாலுக்கு இது பெரிய உதவி.

எனக்கு மிகவும் பிடித்தது இது: அட்டையில் கைத்தறித் துணித்துண்டு ஒன்றை ஒட்டி, அதே துணி தறியில் ஓடும் காணொளிக்கும் நெய்பவரின் சிறு குரல்பதிவுக்கும் கோட்டை இணைப்பது. கண் மங்கிய பெரியவர்களும் துணியைத் தடவிக்கொண்டே நெய்தவர் பேசுவதைக் கேட்கலாம். வெறும் திரை விளம்பரத்தில் இந்தத் தொடுகை கிடைக்காது. அட்டையைப் படமெடுத்து வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பினாலும், படத்திலிருந்தே கூகுள் லென்ஸ் கோட்டை வாசித்துவிடும்.

ஃபோனை அருகில் வைத்தாலே இணைப்பைத் திறக்கும் என்எஃப்சி ஸ்டிக்கர் வேண்டாம். விலை குறைந்த ஃபோன்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை.

பெயர், முகவரிப் பட்டியலை எங்கிருந்தாவது வாங்கி அனுப்பாதீர்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இத்தகைய செய்திகளுக்குப் பெறுபவரின் சம்மதம் வேண்டும் என்ற விதி எழுதப்பட்டிருக்கிறது. அட்டையின் மூலையில் "இனி அனுப்ப வேண்டாம்" என்ற செய்தியோடு இன்னொரு சிறிய கோட்டும் வையுங்கள்.