காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்

சென்ற வாரம் கொக்குவிலிலிருந்து ஒரு தகப்பனார் காணி உறுதியின் பிரதியோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார். மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானச் சிறப்புப் பட்டத்தின் இறுதியாண்டில் படிக்கிறார். ஓராண்டுத் தரவு விஞ்ஞான முதுமாணிப் படிப்புக்கு அவரை அனுப்பும்படியும், காணியை ஈடு வைத்தால் கட்டணத்தைச் சமாளிக்கலாம் என்றும் இலண்டனிலுள்ள பெரியப்பா நாள்தோறும் வற்புறுத்துகிறாராம். "யோசிக்காதேங்கோ ஐயா" என்று ஆறுதல் சொல்லத் தொடங்கிய நான், மகள் விரித்த கொப்பியைக் கண்டதும் நிறுத்திக்கொண்டேன்.

அதில் இருந்தது நாணயம் சுண்டும் கணக்கு. ஃபயர்வயர் என்ற கணினி இணைப்பு வடத்தால் இணைந்த இரு கருவிகள் ஒரே வேளையில் "நீயே தலைமை ஏற்றுக்கொள்" என்று ஒன்றையொன்று கேட்டால் வேலை நகராது. ஆகவே ஒவ்வொன்றும் நாணயம் சுண்டி, அது விழும் விதத்துக்கேற்பக் குறுகிய நேரமோ நீண்ட நேரமோ காத்திருந்து மீண்டும் கேட்கும். குறுகிய காத்திருப்பின் பக்கம் சற்றுச் சாய்ந்த நாணயமே இந்த இழுபறியை விரைவில் தீர்க்கும் என்பதை ஆய்வாளர்கள் நிகழ்தகவைக் கணித்து முறைமைகளைச் சரிபார்க்கும் பிரிசம் என்ற இலவச மென்பொருளால் முன்னரே காட்டியுள்ளனர். யாரும் கேளாமலே அதைத் திரும்பக் கணித்துப் பார்த்திருந்தார் இப்பிள்ளை. காரணம் கேட்டேன். "மோதல் கூடும், ஆனால் ஒவ்வொரு சுற்றும் கெதியாய் முடியும்" என்றார்.

இப்படிப்பட்டவரைக் கடன்பட்டுத் தரவு விஞ்ஞானத்துக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கருவிகளைப் போல நாணயம் சுண்டி முடிவெடுத்து ஒருங்கே இயங்கும் முறைமைகளும் நிரலாக்க மொழிக் கோட்பாடும் கலாநிதி ஆய்வுக்கு உரிய துறைகள்; அதற்கு முதுமாணி எல்லா இடங்களிலும் கட்டாயமன்று. வியன்னாவை அடுத்த குளோஸ்டர்நொய்பேர்க்கில் 2009 இல் திறக்கப்பட்ட ஆஸ்திரிய விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகம் இளமாணிப் பட்டத்துடனேயே மாணவரைச் சேர்க்கிறது. கல்விக் கட்டணம் இல்லை, மாணவர் ஊழியராக நியமிக்கப்பட்டுச் சம்பளமும் சமூகக் காப்புறுதியும் பெறுகிறார், ஆய்வுமொழி ஆங்கிலம். தொடக்கத்தில் வெவ்வேறு ஆய்வுக்குழுக்களில் மாறிமாறிப் பணியாற்றிப் பார்த்த பின்னரே மேற்பார்வையாளரைத் தெரிவு செய்வதால், தெரியாத ஊரில் தெரியாத ஒருவரிடம் அகப்பட்டுக்கொள்ளும் அச்சமும் குறைவு. நிகழ்தகவு நிரல்களை ஆராயும் கிருஷ்ணேந்து சட்டர்ஜி அங்கேதான் இருக்கிறார். ஜேர்மனியின் சார்ப்ரூக்கனிலும் கைசர்ஸ்லோட்டர்னிலும் இயங்கும் மக்ஸ் பிளாங் மென்பொருள் முறைமைகள் நிறுவகமும் இளமாணிகளைச் சேர்க்கிறது.

விண்ணப்பத்தில் சிறுவயதுக் கணினி ஆசையை எழுத வேண்டாம். அந்தச் சாய்ந்த நாணயத்தை எழுதட்டும். பரிந்துரைக் கடிதத்தைப் பதவியால் பெரியவரிடம் கேளாமல், அக்கொப்பியைப் பார்த்த விரிவுரையாளரிடம் கேட்கட்டும்.

"முடிக்கிறதுக்குள்ளே வயது ஏறிவிடும் என்று மாமி சொல்லுறா" என்றார் தகப்பனார். ஈட்டு வட்டியும் ஏறும் என்றேன். இடம் கிடைப்பது எளிதன்று என்பதையும் மறைக்கவில்லை. முதல் முறை தவறினால், தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவிக்கு இங்கேயே விண்ணப்பித்து, அந்த ஆண்டில் ஒரு கட்டுரையேனும் எழுதி, அடுத்த முறை மீண்டும் அனுப்பலாம்.