பிளாக்மெயிலில் கடிதம் எங்கே?

வணக்கம் சார். பழைய காலத்தில் கறுப்பு உறையில் வந்த மிரட்டல் கடிதம்தான் பிளாக்மெயில் என்று எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. மெயில் என்றால் தபால்தானே, அதனால் சரியாக இருக்கும் என்றே படுகிறது. உண்மையா?
ஒரு வாசகர், திருப்பூர்

வணக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்டுக்கதை. தபாலைக் குறிக்கும் மெயில், பை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். கடிதம் சுமந்த பையின் பெயர் கடிதத்துக்கே ஒட்டிக்கொண்டது. பிளாக்மெயிலில் இருக்கும் மெயில் வேறு. அது ஸ்காட்லாந்துச் சொல், வாடகை அல்லது குத்தகைப் பணம் என்று அர்த்தம். மேய்ச்சல் நிலத்துக்குக் கொடுப்பது கிராஸ்மெயில், வீட்டுக்குக் கொடுப்பது ஹவுஸ்மெயில்.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் ரீவர்கள் என்ற கூட்டத்தார் ராத்திரியில் குதிரையில் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். நிலக்காரருக்கு முறையாகக் கட்டும் குத்தகை ஒரு பக்கம் இருக்க, 'உன் மந்தையை நாங்களும் தொட மாட்டோம், அடுத்தவனையும் தொட விட மாட்டோம்' என்று இவர்கள் வாங்கிய கள்ளக் குத்தகைதான் பிளாக்மெயில். வெள்ளிக்காசாகக் கட்டினால் வெள்ளை, மாடாகவோ தானியமாகவோ கொடுத்தால் கறுப்பு என்றும் ஒரு விளக்கம் சொல்வார்கள், எனக்கென்னவோ அது வலிந்து சொன்னதாகவே படுகிறது.

தொல்லை தாங்காமல் 1601இல் முதலாம் எலிசபெத் காலத்து நாடாளுமன்றம் வடக்கு மாவட்டங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டது. அதில் கொடுமை என்னவென்றால், பணத்தை வாங்கியவன் மட்டுமில்லை, மாட்டைக் காப்பாற்றிக்கொள்ளக் கொடுத்தவனும் குற்றவாளி, தண்டனை மரணம். அதற்கெல்லாம் இந்தத் தொழில் அடங்கவில்லை. 1734இல் இறந்த ராப் ராய் மெக்ரெகர், மாட்டு வியாபாரத்தோடு கூடவே, மாட்டுக் காவல் என்ற பெயரில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலண்ட்ஸ் பக்கம் இதையும் நடத்தியவர்தான்.

நம் மதுரைப் பக்கத்துக் காவல்கூலியும் துப்புக்கூலியும் இதே கணக்குதான் இல்லையா? காவல்கூலி கொடுக்காத வீட்டில் மாடு காணாமல் போகும், அப்புறம் துப்புக்கூலி கொடுத்தால் மாடு எங்கே நிற்கிறது என்று தகவல் வரும். வெள்ளைக்கார அதிகாரிகளும் இதைப் பற்றி எழுதும்போது பிளாக்மெயில் என்றே எழுதினார்கள்.

ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவேன் என்று காசு கறப்பது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் இதில் ஏறியது. இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டத்தில் பிளாக்மெயில் என்பதே குற்றத்தின் பெயர், மிரட்டல் கடிதத்தில் வந்ததா நேரில் வந்ததா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.