பல் நாற்காலியும் பஸ்ஸும்: எம்.பி.யிடம் எதைக் கேட்கச் சொல்வது?

கேள்வி: எங்கள் சொந்த ஊருக்கு பஸ் குறைவு, அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரும் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே கேள்வியாக மக்களவையில் எழுப்பச் சொல்லலாமா?
- வாசகர், ஆர்.கே.புரம், புதுடெல்லி

பதில்: சேர்க்காதீர்கள். அமைச்சகங்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் பதில் சொல்லத் தனி நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். பஸ் மாநில அரசின் பொறுப்பு. அதை உங்கள் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேட்கட்டும். ரயில் என்றால் எம்.பி. கேட்கலாம்.

மருத்துவமும் மாநிலப் பொறுப்புதான். ‘ஏன் பல் மருத்துவர் இல்லை?’ என்று மொட்டையாகக் கேட்டால், ‘இது மாநில விஷயம்’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி ஏமாற்றமளிக்கும். ஆகவே பிடியைக் கேள்வியிலேயே வையுங்கள். மத்திய அரசு பணம் தரும் தேசிய வாய்நலத் திட்டத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: உங்கள் மாவட்டத்துக்கு எத்தனை பல் சிகிச்சைப் பிரிவு ஒப்புதலானது, ஆண்டுவாரியாக எவ்வளவு விடுவித்தார்கள், எவ்வளவு செலவானது?

கேள்வி 150 சொல்லுக்குள் இருக்கட்டும். சாதாரணமாக 15 முழு நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். புள்ளிவிவரம்தான் தேவையென்றால் நட்சத்திரமில்லாத கேள்வியே மேல். பதில் எழுத்தில் அட்டவணையாக வரும். அமைச்சரை நேரில் மடக்க வேண்டுமென்றால் நட்சத்திரக் கேள்வி; அதற்கு அவர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அது நாளுக்கு 20தான், குலுக்கலில் விழ வேண்டும். விழுந்தால் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம்.