மாடு அப்புறம், புல் முதலில்

கேள்வி: நைரோபியில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் கென்ய நண்பருக்குக் கியாம்பு மாவட்டம் கிதுங்குரியில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. ஆளுக்குப் பாதி போட்டு, நிறையக் கறக்கும் ஐரோப்பிய இனமான ஃப்ரீசியன் மாடு மூன்று வாங்கலாம் என்கிறார். மாட்டுக்கு 20 லிட்டர், 365 நாள் என்று கணக்கும் தந்திருக்கிறார். இன்னொருவரோ, கஜியாடோவில் மேய்ச்சல் மாடு வாங்கிவிடு, செலவே இல்லை என்கிறார். எதில் இறங்கலாம்?

பதில்: கிதுங்குரி அருமையான இடம். கணக்குத்தான் இடிக்கிறது.

எந்த மாடும் 365 நாள் கறக்காது. கன்று போட்டதிலிருந்து சுமார் 305 நாள் கறக்கும். அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் மடி வற்ற விட வேண்டும். 20 லிட்டர் என்பது கன்று போட்ட ஒன்றிரண்டு மாதத்து உச்சம், பிறகு இறங்கும். சினை பிடிப்பது தள்ளிப்போனால் கறவையில்லாத நாள் இன்னும் கூடும். கென்யாவின் பாலில் பெரும்பகுதி சில மாடுகளே வைத்திருக்கும் குடும்பங்களிடமிருந்துதான் வருகிறது. அந்த மாடுகளில் பல ஒற்றை இலக்க லிட்டரைத் தாண்டுவதில்லை. பெரும்பாலும் தீனி போதாததுதான் காரணம்.

நன்றாக வளர்ந்த ஃப்ரீசியன் ஒரு நாளைக்கு 60, 70 கிலோ பச்சைப்புல் தின்னும். நாம் யானைப்புல் என்போமே, அந்த நேப்பியர்தான் அங்கே முக்கியத் தீவனம். சாணி உரம் போட்டு ஒழுங்காக அறுத்தால் ஒரு ஏக்கர் இரண்டு மாட்டைத் தாங்கும். நண்பரின் நிலத்தில் வீடு, மக்காச்சோளம், காப்பி எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரு ஏக்கர்தான் என்றால் இரண்டு மாடு போதும். மூன்றாவது மாடு மற்ற இரண்டின் பாலையும் சேர்த்துத் தின்றுவிடும்!

மார்ச் முதல் மே வரை நீண்ட மழை. புல் கொழிக்கும், பால் பெருகும், விலை சரியும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் விலை ஏறும்போது உங்களிடம் புல் இருக்காது. மக்காச்சோளத்தைப் பச்சையாகவே வெட்டி, காற்றுப் புகாமல் குழியில் மூடி ஊறுகாய்ப்புல் போட்டு வைத்தவர்தான் அப்போது காசு பார்ப்பார். முதலில் போடும் பணம் புல்லுக்கும் இந்தக் குழிக்கும் போகட்டும். நட்ட புல் முதல் அறுப்புக்கு வர மூன்று, நான்கு மாதம் ஆகும்; அதுவரை மாடு வேண்டாம்.

அடுத்தது உண்ணி. பழுப்பு நிறக் காது உண்ணி பரப்பும் கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் ஐரோப்பிய இன மாடுகளுக்கு எமன். காதுக்குக் கீழே நெறி கட்டும், காய்ச்சல் ஏறும், மூச்சு வாங்கும். உடனே ஊசி போடாவிட்டால் பிழைப்பது அரிது. நைரோபிக்குப் பக்கத்தில் முகுகாவில் உருவான தடுப்பு முறை ஒன்று உண்டு: கிருமியை உயிரோடு செலுத்தி, கூடவே ஆக்ஸிடெட்ராசைக்ளினும் போடுவார்கள். ஒரு தடவை போதும். மருந்து திரவ நைட்ரஜனில் உறைந்த நிலையில் வரும். உருக்கினால் வைத்திருக்க முடியாது என்பதால் அக்கம்பக்கத்து மாடுகளையும் சேர்த்துத்தான் போடுவார்கள். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மற்ற உண்ணி நோய்களை இது தடுக்காது, அதனால் மருந்து தெளிப்பதை நிறுத்தக்கூடாது.

விற்பனையில் கவலை குறைவு. 1961-இல் 31 பேர் தொடங்கிய கிதுங்குரிக் கூட்டுறவுச் சங்கம் இன்று ஃப்ரெஷா என்ற பெயரில் பால் விற்கிறது. அடர்தீவனத்தைக் கடனாகத் தந்து பால் பணத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கம் இத்தகைய சங்கங்களில் உண்டு. நம்மைப் போலவே தேயிலையைப் பாலோடு கொதிக்கவைத்து, அதைச் சாய் என்றே சொல்கிற ஊர் அது. பாலுக்கு ஆள் இருக்கும்.

சரி, கஜியாடோ? கென்ய நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வறண்ட, பாதி வறண்ட பூமி; கஜியாடோவும் அதில் சேர்த்தி. அங்கே மசாய் போன்ற மக்களுக்கு மந்தைதான் சோறு, சேமிப்பு, கல்யாணச் சீர் எல்லாம். ஆனால் 2020 கடைசியில் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து மழைப் பருவம் பொய்த்தபோது நாட்டில் 25 லட்சம் கால்நடைகளுக்கு மேல் மடிந்தன. செயற்கைக்கோளில் புல்லின் பசுமையைப் பார்த்து இழப்பீடு தரும் காப்பீடு 2010-இல் வட கென்யாவின் மார்சபிட்டில் தொடங்கியது. நல்ல யோசனைதான். இருந்தாலும் மேய்ச்சல் என்பது மந்தையோடு நகரத் தெரிந்தவர்களின் தொழில், நைரோபியில் உட்கார்ந்து போனில் நடத்த முடியாது.

ஒப்பந்தம் எழுதும்போது நிலத்தைத் தொடாதீர்கள். வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கச் சட்டம் இடம் தராது. மாடு, கொட்டகை, பால் வருமானம் இவற்றில் மட்டும் பங்கு வையுங்கள். மாடு வாங்கப் போனால் ஒரு மாலையும் மறுநாள் காலையும் கூடவே நின்று கறந்து அளக்கச் சொல்லுங்கள். முந்தின வேளை கறக்காமல் விட்டு, கனத்த மடியைக் காட்டி விற்பவர்கள் எல்லா ஊர்ச் சந்தையிலும் உண்டு.