டீச்சர் பதில்கள்: விண்வெளிக்குப் போய்வந்த உபுண்டுக்காரர்

கேள்வி: டீச்சர், எங்கள் கல்லூரி ஆய்வகக் கம்ப்யூட்டர்களில் உபுண்டு இருக்கிறது. அதைத் தொடங்கியவர் விண்வெளிக்குப் போய்வந்தவர் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
– ஒரு மாணவர், தண்டையார்பேட்டை

உண்மைதான் தம்பி. உபுண்டு என்பது விண்டோஸ் போலக் கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள், அதாவது இயங்குதளம். அதைத் தொடங்கியவர் பெயர் மார்க் ஷட்டில்வொர்த். தென்னாப்பிரிக்காவில் வெல்கம் என்னும் தங்கச் சுரங்க ஊரில் 1973இல் பிறந்தவர். கேப்டவுனில் படித்தார். அங்கேதான் 1995இல், பெற்றோர் வீட்டு கார் கொட்டகையில், 'தாட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்த நிறுவனம் விற்றது டிஜிட்டல் சான்றிதழ். இணையத்தில் பணம் கட்டுகிறீர்கள். எதிரே இருப்பது உண்மையான வங்கியா, போலியா என்று உங்கள் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பத்திரத்தில் சார்பதிவாளர் முத்திரையைப் பார்த்து நிலம் வாங்குகிறோம் அல்லவா, அதுபோல நடுவிலிருக்கும் ஒருவர் தளத்தின் உரிமையாளரைச் சரிபார்த்து, யாரும் போலி செய்ய முடியாத கணித முத்திரை ஒன்றை இடுகிறார். அதுதான் சான்றிதழ். அந்நாளில், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் வலுவான குறியாக்க மென்பொருளை வெளிநாடுகளுக்கு விற்க அமெரிக்க அரசு கட்டுப்பாடு வைத்திருந்தது. உலகின் மற்ற வணிகர்கள் திண்டாடினார்கள். கேப்டவுன் இளைஞருக்கு அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. 1999 டிசம்பரில் அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம் ஏறத்தாழ 57.5 கோடி டாலருக்குத் தாட்டை வாங்கியது. அப்போது அவருக்கு வயது 26.

2002 ஏப்ரல் 25 அன்று, கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து சோயுஸ் டிஎம்-34 என்ற ரஷ்ய விண்கலத்தில் அவர் புறப்பட்டார். உடன் சென்றவர்கள் ரஷ்யாவின் யூரி கிட்சென்கோ, இத்தாலியின் ரொபெர்த்தோ வித்தோரி. சொந்தப் பணத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றவர்களில் அவர் இரண்டாமவர். முதல் ஆள், அதற்கு முந்தைய ஆண்டு போன டென்னிஸ் டிட்டோ. மே 5 அன்று ஷட்டில்வொர்த் தரையிறங்கினார்.

உபுண்டு வந்தது அதற்குப் பிறகு, 2004 அக்டோபரில். முதல் பதிப்பின் எண் 4.10, ஆண்டும் மாதமும் சேர்ந்ததே அந்த எண். அது வானத்திலிருந்து குதித்ததல்ல. டெபியன் என்ற, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் வகை இயங்குதளத்தை உலகெங்கும் தன்னார்வலர்கள் கூலியின்றி வளர்த்து வந்தார்கள். தொண்ணூறுகளில் ஷட்டில்வொர்த்தும் அவர்களில் ஒருவர். அந்த அடித்தளத்தின் மேல்தான் உபுண்டு கட்டப்பட்டது. உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லுங்கள், ஏனெனில் விண்வெளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: கோடிகளைக் கொட்டி டிக்கெட் வாங்கிப் பறந்தவரைச் சாதனையாளர் என்று கொண்டாடலாமா? பணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் போகலாமே?
– ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

டிக்கெட் வாங்கியதைச் சாதனை என்று நானும் சொல்ல மாட்டேன். அதன் விலை சுமார் 2 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. பணம் இருந்தது, கொடுத்தார். ஆனால் "யார் வேண்டுமானாலும்" என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. ஏறத்தாழ ஓராண்டு பயிற்சி எடுத்தார். அதில் ஏழு மாதங்கள் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள ஸ்டார் சிட்டியில் கழிந்தன. ரஷ்ய மொழியைக் கற்றார், ஏனெனில் சோயுஸில் கட்டளைகளும் கருவிகளின் மேலுள்ள எழுத்துகளும் ரஷ்ய மொழியில்தான் இருக்கும். உடல் தகுதி இல்லையென்றால் பணம் உதவாது. 2006இல் ஜப்பானியத் தொழிலதிபர் ஒருவர் பயிற்சியெல்லாம் முடித்தும், புறப்படச் சில வாரங்களே இருந்தபோது மருத்துவக் காரணத்தால் நிறுத்தப்பட்டார். அவருக்குப் பதிலாகப் போனவர், ஈரானில் பிறந்து அமெரிக்காவில் தொலைத்தொடர்பு நிறுவனம் நடத்திய அனூஷே அன்சாரி.

மேலே போன ஷட்டில்வொர்த் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகளின் ஆய்வுகளைக் கொண்டுபோனார். எய்ட்ஸ் வைரஸின் புரதங்களை எடையற்ற நிலையில் படிகமாக்கும் முயற்சி அவற்றில் ஒன்று. அவர் நாட்டை அந்த நோய் உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. திரும்பியதும் தென்னாப்பிரிக்கப் பள்ளிகளுக்குச் சென்று, கணிதமும் அறிவியலும் படிக்கச் சொல்லிப் பேசினார்.

எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது வேறொன்றால். கல்மண்டபத்தில் நான் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். 2005 வாக்கில் என்னிடம் இருந்தவை 256 எம்.பி. நினைவகம் கொண்ட பழைய இயந்திரங்கள். இயங்குதளத்துக்கு முறையான உரிமம் வாங்க வேண்டுமென்றால் மாணவர்களின் கட்டணத்தை இரட்டிப்பாக்க வேண்டும். மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளிடமும், எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நிற்பவர்களின் பிள்ளைகளிடமும் அதை எப்படிக் கேட்பது? அந்தச் சமயத்தில், உபுண்டுவை வெளியிடும் ஷட்டில்வொர்த்தின் நிறுவனம், கேட்டவர்களுக்கெல்லாம் அதன் குறுந்தகட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. தபால் செலவுகூட நம்முடையதல்ல. அட்டை உறையில் வந்த அந்தத் தகடுகளை வைத்துத்தான் எங்கள் நிலையம் நேர்மையாக நடந்தது. திரையில் தமிழில் பட்டியல்கள் தெரிந்தபோது ஒரு மாணவி எழுந்து வந்து தொட்டுப் பார்த்தாள். அந்தத் தமிழும் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்துக் கொடுத்ததுதான். 2011இல் தகடு அனுப்புவது நின்றது. அதற்குள் இணையம் வேகம் பிடித்துவிட்டதால் தரவிறக்கிக்கொள்ள முடிந்தது.

திருத்த வேண்டிய குறைகளைப் பதிந்துவைக்கும் உபுண்டுவின் பிழைப் பட்டியலில் முதல் பிழையாக அவர் 2004இல் எழுதிவைத்தது எது தெரியுமா? கம்ப்யூட்டர் சந்தையின் பெரும்பங்கு மைக்ரோசாஃப்ட்டிடம் இருக்கிறது என்பதை! 2013இல், செல்பேசிகளும் கைக்கணினிகளும் வந்து நிலைமை மாறிவிட்டது என்று சொல்லி அந்தப் பிழையை முடித்துவைத்தார்.

அவரிடம் எனக்கு உடன்பாடில்லாததும் உண்டு. 2001இலேயே நாட்டைவிட்டுக் குடிபெயர்ந்தவர், பின்னர் தம் பணத்தை வெளியே கொண்டுபோகத் தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி 10 சதவீதக் கட்டணம், ஏறத்தாழ 25 கோடி ராண்ட், வாங்கியதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2015இல் அரசியல் சாசன நீதிமன்றம் வங்கியின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. ஒரு நாடு தந்த கல்வியில் வளர்ந்த செல்வத்தில் அந்த நாட்டுக்குப் பங்குண்டு. உபுண்டுவுக்காக நான் அவருக்குச் சொல்லும் நன்றி அதனால் குறைவதில்லை.

கேள்வி: டீச்சர், என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ராக்கெட் விடும் நாளில் மாடியிலேயே நிற்கிறான். கடல் தொழில் செய்யும் நாங்கள் அவனுக்கு என்ன வழி காட்ட முடியும்?
– ஒரு தாய், காசிமேடு

அம்மா, ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்துகிறார்கள். அந்த இழப்பைச் சுமப்பவர்களின் பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் இடம் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தனியார் வழியும் இப்போது திறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த என்ஜினைப் பொருத்தி, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் ராக்கெட்டை ஏவியது. அங்கே பொறியாளர்கள் மட்டுமல்ல, வெல்டிங்கும் கடைசலும் தெரிந்தவர்களும் தேவை. படகு என்ஜினைப் பிரித்துச் சேர்க்கும் வீட்டில் வளரும் பிள்ளை அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

கணிதத்தை விடாமல் படிக்கச் சொல்லுங்கள். பழைய கம்ப்யூட்டர் எதுவாவது கிடைத்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், உபுண்டு ஏற்றித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். அதன் தமிழ் மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் அவனே திருத்தி அனுப்பலாம். ஷட்டில்வொர்த்தும் இப்படித் தன்னார்வலராகத்தான் உள்ளே வந்தார்.

மாடியிலிருந்து பார்ப்பது போதாது, ஒருமுறை நேரில் அழைத்துச் செல்லுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் பார்வையாளர் மாடம் இருக்கிறது. இஸ்ரோவின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது. கொருக்குப்பேட்டையிலேயே சூலூர்ப்பேட்டை ரயிலில் ஏறலாம், அங்கிருந்து சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். ஏவும் தேதியை அறிவித்ததும் தளத்தைப் பாருங்கள், இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். இருவரின் அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.