ரீப்ளே போனதால் யாருக்கு நஷ்டம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. நடத்தும் 2024-25 எஃப்.ஏ. கோப்பையை மூன்றாம் சுற்றிலிருந்து விடாமல் பார்த்தேன். சிறிய அணியான டாம்வொர்த் 90 நிமிடமும் முதல் அடுக்கு அணியான டாட்டன்ஹாமைக் கோல் போட விடவில்லை. பழைய விதி இருந்திருந்தால் ரீப்ளே, அதாவது சமனில் முடிந்த ஆட்டத்துக்கு எதிரணியின் மைதானத்தில் இன்னொரு நாள் மறு ஆட்டம், கிடைத்திருக்கும். எக்ஸ்ட்ரா டைம் (அரை மணி நேரக் கூடுதல் ஆட்டம்) என்ற பெயரில் கவிழ்த்துவிட்டார்கள். சிறிய அணிகளின் காலம் முடிந்ததா? இன்னொரு கேள்வி: கிரிஸ்டல் பேலஸ்-மான்செஸ்டர் சிட்டி இறுதிப் போட்டியில் பாக்ஸுக்கு (கோல் முன்னால் உள்ள கட்டத்துக்கு) வெளியே பந்தைக் கையால் தட்டிய பேலஸ் கோல்கீப்பர் ஹெண்டர்சனுக்கு ஏன் சிவப்பு அட்டை இல்லை? விஏஆர் (வீடியோ உதவி நடுவர்) எதற்குத்தான் இருக்கிறது?

ர., கரூர்

அன்புள்ள ர.,

ரீப்ளே போனதில் சிறிய அணிகளுக்கு நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் போனது பணம். வெல்லும் வாய்ப்பும் போய்விட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டாம்வொர்த்தையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக் அணி. ஆட்டக்காரர்கள் அப்போது முழுநேரத் தொழில்முறையினர் அல்லர். கோல்கீப்பர் ஜஸ் சிங் கட்டடங்களை ஆய்வு செய்யும் சர்வேயர். முதல் சுற்றில் ஹடர்ஸ்ஃபீல்டை 1-0 என வென்றார்கள். இரண்டாம் சுற்றில் பர்ட்டன் ஆல்பியனுடன் 1-1, பெனால்டியில் 4-3. நீங்கள் குறை சொல்லும் அதே புதிய விதிதான் அந்த ஆட்டத்தை அன்றே முடித்து, டாம்வொர்த்தை டாட்டன்ஹாம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

2025 ஜனவரி 12 அன்று ஆட்டம் நடந்தது டாம்வொர்த்தின் சொந்த மைதானமான லேம்ப் கிரவுண்டில். சின்ன அரங்கம், செயற்கைப் புல்தரை. பழகாதவர்களுக்குப் பந்து துள்ளும் விதமே பிடிபடாது. ரீப்ளே என்றால் இடம் மாறும்: 62,000 பேருக்கு மேல் அமரும் டாட்டன்ஹாம் அரங்கம், நல்ல புல்தரை, மறுபடி முழு 90 நிமிடம். அங்கே டாம்வொர்த் வெல்வதைவிட, தன் தரையிலேயே அரை மணி நேரம் தாக்குப்பிடித்துப் பெனால்டிக்குப் போவது எளிது. அந்த அரை மணி நேரத்தில்தான் கால்கள் ஓய்ந்தன. டாட்டன்ஹாம் பெஞ்சிலிருந்து குலுசெவ்ஸ்கியையும் சோன் ஹியுங்-மின்னையும் இறக்க முடிந்தது. 101-வது நிமிடத்தில் சொந்தக் கோல், பிறகு குலுசெவ்ஸ்கி, கடைசியில் பிரென்னன் ஜான்சன்: 3-0. ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள், எக்ஸ்ட்ரா டைமில் ஆறாவதாக ஒருவர் என்ற விதி இரு தரப்புக்கும் பொதுதான். ஆனால் ஆறு பேரை மாற்றினாலும் தரம் குறையாத பெஞ்சு யாரிடம் இருக்கிறது? குறை சொல்வதானால் அந்த விதியைச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். 2005 ஜனவரியில், லீகிலிருந்து இறங்கிக் கடனில் தவித்த எக்ஸெட்டர் சிட்டி, ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 0-0 ஆடியது. அரங்கில் 67,000 பேருக்கு மேல். ரீப்ளேயில் 2-0 எனத் தோற்றார்கள். ஆனால் இரண்டு ஆட்டங்களின் டிக்கெட் பங்கும் தொலைக்காட்சிப் பணமும் சேர்ந்து கிளப்பைக் கரை சேர்த்தன. இப்படி ஒரு வரவு இனி முதல் சுற்று தொடங்கி எந்தச் சிறிய கிளப்புக்கும் இல்லை. கீழே தகுதிச் சுற்றுகளில் மட்டும் ரீப்ளேயை விட்டுவைத்தார்கள். அங்கே கூட்டம் சில நூறு, வரவும் அவ்வளவே.

ரீப்ளேயை ஏன் எடுத்தார்கள்? 2024-25 முதல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீகில் 36 அணிகள், முதல் கட்டத்தில் ஆளுக்கு 8 ஆட்டங்கள். கடைசி இரண்டும் ஜனவரி வார நாட்களில். மூன்றாம் சுற்று ரீப்ளேக்கள் நடந்துவந்ததும் ஜனவரி வார நாட்களில்தான். 2024 ஏப்ரலில் எஃப்.ஏ.வும் முதல் அடுக்கான பிரீமியர் லீகும் பேசி முடித்து அறிவித்தபோது, எங்களைக் கேட்கவே இல்லை என்று கீழடுக்கு கிளப்புகள் கொதித்தன. அந்தக் கோபம் நியாயமானது.

பெரிய அணி கவிழ்வதற்கு ரீப்ளே என்றைக்குமே முக்கியக் காரணம் அல்ல. ஆள் மாற்றம்தான் காரணம். நான்காம் சுற்றில், பிப்ரவரி 9 அன்று, லிவர்பூல் மூன்று நாள் முன்பு லீக் கோப்பை அரையிறுதி ஆடிய அணியில் பத்துப் பேரை மாற்றிக்கொண்டு பிளிமத்துக்குப் போனது. பிளிமத் அப்போது இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பின் கடைசி இடத்தில் இருந்தது. பயிற்சியாளர் மிரோன் முஸ்லிச் வந்து ஒரு மாதம்தான். 53-வது நிமிடம், ஹார்வி எலியட்டின் கையில் பந்து பட்டதால் பெனால்டி, ரயன் ஹார்டி கோல், 1-0. அந்தப் பருவத்தின் லீக் சாம்பியன் வெளியே. ஐந்தாம் சுற்றில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகவும் பிளிமத்தான் முதல் கோல் போட்டது, பிறகு 3-1 எனத் தோற்றது. பருவ முடிவில் மூன்றாம் அடுக்குக்கே இறங்கிவிட்டது.

இனி ஹெண்டர்சன். கோல்கீப்பர் பாக்ஸுக்கு வெளியே கையால் ஆடினால் ஃப்ரீ கிக். சிவப்பு அட்டை வேண்டுமென்றால், எதிரணியின் தெளிவான கோல் வாய்ப்பை அவர் பறித்திருக்க வேண்டும். அதற்கு நடுவர் பார்க்க வேண்டியவை நான்கு: கோலிலிருந்து எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, தாக்குபவருக்குப் பந்து வசப்படுமா, தடுப்பவர்கள் எங்கே, எத்தனை பேர். சிட்டியின் ஹாலண்ட் கோலை நோக்கிப் போகவில்லை, பக்கவாட்டில் விலகிக்கொண்டிருந்தார் என்று விஏஆர் அறை முடிவெடுத்தது. அன்றைய விதிப்படி விஏஆர் தலையிடக்கூடியது கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கில் மட்டும். வெறும் ஃப்ரீ கிக்கையோ மஞ்சள் அட்டையையோ விஏஆர் அறை கேட்டு வாங்க முடியாது. அதனால் சிவப்பு இல்லை என்றானதும், கண்ணெதிரே நடந்த கைப்பந்துக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. திசை பற்றிய அந்தத் தீர்ப்பே எனக்கு இறுக்கமாகப் படுகிறது. ஹாலண்ட் இரண்டு தப்படியில் உள்ளே திரும்பக்கூடியவர்.

விஏஆரைத் திட்டத்தான் வேண்டுமென்றால் ஐந்தாம் சுற்றில் இதைவிட நல்ல காரணம் இருக்கிறது. பாதி தானியங்கி ஆஃப்சைடு முறையை இங்கிலாந்தில் முதன்முதலாக அந்தச் சுற்றில்தான் கொண்டுவந்தார்கள். போர்ன்மத்-வுல்வ்ஸ் ஆட்டத்தில் ஒரு கார்னருக்குப் பாக்ஸுக்குள் ஆட்டக்காரர்கள் ஒட்டி நின்றதில், கருவியால் யார் எவர் என்று பிரிக்க முடியவில்லை. பழையபடி கையால் கோடு போட உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய எட்டு நிமிடம் எல்லோரும் காத்து நின்றார்கள்.

சிட்டிக்கு இறுதிப் போட்டி நடந்த மே 17 அன்று வாய்ப்பே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 16-வது நிமிடத்தில் பேலஸின் முன்யோஸ் வலப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தை எஸே ஒரே தொடுகையில் வலைக்குள் அடித்துவிட்டார். அதன் பிறகு பேலஸ் பின்னால் ஐவர், அவர்களுக்கு முன்னால் நால்வர் என்று இறங்கி நின்றது. பந்து சிட்டியிடமே சுற்றியது, நடுவில் வழி இல்லை. முதல் பாதியிலேயே பெர்னார்டோ சில்வாவை மிட்செல் தடுக்கி விழவைத்ததில் பெனால்டி கிடைத்தது. அதை ஹாலண்ட் அடிக்கவில்லை, சக வீரர் மர்மூஷிடம் கொடுத்தார். ஹெண்டர்சன் தடுத்துவிட்டார், இந்த முறை பாக்ஸுக்குள்ளேயே.