கைவிடப்பட்ட மாட் ஒன்றை, அதன் ஆசிரியர் பதில் தராதபோது, புதுப்பித்து வெளியிடலாமா?

கேட்டவர் தம் நிலையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்: ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டுக்கான மாட் (விளையாட்டில் புதியவற்றைச் சேர்க்க ரசிகர்கள் செய்து பகிரும் கோப்புத் தொகுப்பு) ஒன்று 2014க்குப் பின் புதுப்பிக்கப்படவில்லை, ஆசிரியருக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை, அதை விளையாட்டின் புதிய பதிப்பான ஸ்பெஷல் எடிஷனுக்கு மாற்றி, மூல ஆசிரியரின் பெயரைப் போட்டு நன்றியும் சொல்லி வெளியிட்டால் என்ன தவறு? தவறுதான் என்பது என் பதில். உங்கள் நோக்கத்தைச் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. 2017ல் இதையே, இதே காரணங்களைச் சொல்லிக்கொண்டு, நான் செய்தேன்.

நான் கானாடுகாத்தானைச் சேர்ந்தவன். என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்குப் பதினொரு பங்காளிகள். சிலர் சென்னையிலும் சிலர் மலேசியாவிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் வருவார்கள். மற்ற நாள்களில் முகப்பு முதல் இரண்டாங்கட்டு வரை பூட்டியே கிடக்கும். மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றுவதும், நடு முற்றமான வளவில் தேங்கும் தண்ணீருக்கு வழி செய்வதும், உத்திரத்தில் கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் அப்பாவின் வேலை.

பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவர் அந்த 2017ல் காரைக்குடியிலிருந்து அடிக்கடி வந்துகொண்டிருந்தார். மேல்மாடி அறையில் இருந்த எனாமல் தூக்குகளின் மீது அவருக்குக் கண். “பத்து வருசமா அந்த ரூமையே யாரும் திறக்கல. யாருண்ணே வந்து எண்ணிப் பார்க்கப் போறாங்க?” என்றார். அப்பா சொன்னது ஒன்றுதான்: “நாளைக்கு ஆச்சி வந்து எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?” இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் வண்டியேறிப் போனதை ஊரே பார்த்திருக்கிறது. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டு விற்றவை உண்டு. கேட்காமலே போனவையும் உண்டு. அவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். அப்பாவின் பதிலைக் கேட்டு அன்று பெருமைப்பட்டேன். அதே மாதத்தில்தான் நான் அந்த மாட்டை எடுத்தேன்.

விளையாட்டுக்குள் ஏரிக்கரையில் ஒரு வீட்டைச் சேர்க்கும் மாட் அது. நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் தூண்களும் இருந்ததால், அந்த வீடு எங்கள் ஊர் வீடு போலவே எனக்குத் தோன்றியது. ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்தபோது 32 பிட். 2016 அக்டோபரில் வந்த ஸ்பெஷல் எடிஷன் 64 பிட். ஆகவே பழைய மாட்கள் பலவற்றை அப்படியே பயன்படுத்த முடியவில்லை. பொருள்களின் உருவத்தை வைத்திருக்கும் மெஷ் கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும், மாட்டின் முதன்மைக் கோப்பான பிளகினை, மாட் உருவாக்கும் மென்பொருளான கிரியேஷன் கிட்டின் புதிய பதிப்பில் திறந்து மறுபடி சேமிக்க வேண்டும், ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற துணை மென்பொருளுக்கான டிஎல்எல் (நிரல் கோப்பு) இருந்தால் அதை மூல நிரலிலிருந்து மீண்டும் உருவாக்க வேண்டும். டிஎல்எல் இல்லாத ஒரு வீட்டுக்கு ஓர் இரவு போதும். அந்த எளிமைதான் ஆளைக் கெடுக்கிறது. ஓர் இரவு விழித்திருந்தவனுக்கு, மாதக்கணக்கில் உழைத்தவரின் பொருளில் தனக்கும் பங்கு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

மாட்களைப் பகிரும் நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் அனுமதிப் பகுதி ஒன்று உண்டு. பிறர் அதைத் திருத்தலாமா, வேறு விளையாட்டுக்கு மாற்றலாமா, அதில் உள்ள டெக்ஸ்சர்களையும் (மேற்பரப்புப் படங்கள்) மெஷ்களையும் எடுத்தாளலாமா என்பவை தனித்தனிக் கேள்விகள்; ஒன்றுக்கு உடன்பட்டவர் மற்றொன்றுக்கு மறுத்திருக்கலாம். நான் எடுத்த மாட்டில் எல்லாவற்றுக்கும் முன் அனுமதி தேவை என்று இருந்தது. ஆசிரியர் 2015க்குப் பிறகு தளத்துக்கு வரவே இல்லை. நான் எழுதினேன், இரண்டு வாரம் காத்திருந்தேன், பிறகு வெளியிட்டேன். முதல் வரியிலேயே அவர் பெயரைப் போட்டிருந்தேன் என்பதால் மனம் உறுத்தவில்லை.

ஏழு மாதம் கழித்து அவருடைய மடல் வந்தது. வீட்டில் ஒருவருக்கு நீண்டகால நோய், அதனால் கணினிப் பக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தார். என்னைத் திட்டவில்லை. ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடி டெக்ஸ்சர்கள் தம்முடையவை அல்ல, வேறொரு மாடர் (மாட் செய்பவர்) இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் என்று தமக்குக் கொடுத்தவை, அவற்றை இன்னொருவருக்குத் தரும் உரிமை தமக்கே இல்லை என்றார். அந்த மற்றவரிடம், நீங்கள் கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருப்பேன் என்று தாம் சொன்ன சொல் இப்போது பொய்யாகிவிட்டதே என்று வருந்தியிருந்தார். நான் அன்றே பக்கத்தை எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் பதிவிறக்கியவர்களின் கணினிகளிலிருந்து எதையும் திரும்பப் பெற முடியாது.

“கைவிடப்பட்டது” என்ற சொல்லை நான் அதன்பின் பயன்படுத்துவதில்லை. அது பார்ப்பவர் வைக்கும் பெயர். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனாலும் நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். ஆசிரியர் தம் உரிமையைத் துறக்க விரும்பினால் பதிப்புரிமைப் பதிவாளருக்கு அறிவிப்புத் தர வேண்டும் அல்லது பொது அறிவிப்பு வெளியிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. அதாவது துறப்பது அவர் செய்ய வேண்டிய செயல். அவர் சும்மா இருப்பதை நாம் துறவாக எடுத்துக்கொள்ள முடியாது. எழுத்தாக்கங்களுக்கும் கலைப்படைப்புகளுக்கும் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டு நீடிக்கிறது. கணினி நிரலும் எழுத்தாக்கமாகவே கொள்ளப்படுகிறது. ஆசிரியரைக் கண்டுபிடிக்கவே முடியாத நிலைக்கும் 31ஏ பிரிவில் வழி இருக்கிறது. அதுகூட விண்ணப்பம், நாளிதழ் விளம்பரம், உரிமைத்தொகை என்று போகிறதே தவிர, எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. மாட் ஆசிரியர் வெளிநாட்டவராக இருந்தால் வேறு சட்டம் குறுக்கிடும் என்று சிலர் திருத்த வருவார்கள். வரட்டும், அங்கேயும் மௌனம் சம்மதம் என்று இருக்கப் போவதில்லை.

பழைய மாட்கள் அழிந்துபோகின்றன, நாங்கள் காப்பாற்றுகிறோம் என்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன், எனக்கும் அது உண்டு. ஆனால் உங்கள் கணினி வட்டில் ஒரு பிரதி வைத்திருப்பது காப்பது. உங்கள் கணக்கில் வெளியிடுவது வேறு. 2021ல் நெக்ஸஸ், இனி ஆசிரியர்கள் அழித்த கோப்புகளும் காப்பகத்தில் இருக்கும் என்று அறிவித்து, முழுமையாக நீக்கிக்கொள்ள ஒரு மாத அவகாசம் தந்தபோது, பலர் தம் மாட்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அது சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் அவற்றையும் கைவிடப்பட்டவை என்று சொல்லி மறுபடி ஏற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது.

நான் மாற்றிய மாட் பின்னர் உரிய அனுமதியோடு வந்தது. வீட்டை மட்டும் மாற்றலாம், கண்ணாடி கூடாது என்று ஆசிரியர் எழுதித் தந்தார். கண்ணாடிக்கு, அப்பா பார்த்துக்கொள்ளும் வீட்டு ஜன்னல்களைப் படமெடுக்க நினைத்தேன். சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. அப்பா என்னை, சென்னையில் இருக்கும் அந்த வீட்டு ஆச்சிக்குத் தொலைபேச வைத்தார். ஆச்சிக்கு விளையாட்டு, மாட் எதுவும் புரியவில்லை; எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று மூன்று முறை கேட்டுவிட்டு, “ஜன்னலை எடுத்துக்கப்பா. ஐயா படம் மாட்டியிருக்கிற சுவர் மட்டும் விழ வேண்டாம், வீட்டுப் பேரும் போடாதே” என்றார்கள். அப்படியே செய்தேன்.

உங்கள் மாட்டுக்கு வருகிறேன். முதலில் அனுமதிப் பகுதியையும் விளக்கத்தின் கடைசி வரிகளையும் படியுங்கள். “இத்தனை நாளில் பதில் வராவிட்டால் தாராளமாகச் செய்யலாம்” என்று எழுதிவைத்திருக்கும் மாடர்கள் உண்டு. அப்படி இல்லையென்றால், மூலக் கோப்பு எதையும் சேர்க்காமல், பயனர் பழைய மாட்டைத் தாமே பதிவிறக்கி மாற்றிக்கொள்வதற்கான வழிமுறையை மட்டும் எழுதி வெளியிடுங்கள். உங்களுக்காக மாற்றியதை நீங்கள் மட்டும் விளையாடுங்கள். எண்ணம்தான் பிடித்தது என்றால் புதிதாகச் செய்யுங்கள். வெறும் எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை. நன்றியுரையில் இருக்கும் பிற மாடர்களுக்கும் எழுதுங்கள், ஏனெனில் என்னைப் போல நீங்களும் அங்கேதான் தடுக்கி விழுவீர்கள்.

என் பக்கத்தில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: எனக்கு எழுதி ஆறு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், இதில் நான் செய்த பகுதிகளை யாரும் மாற்றலாம், வெளியிடலாம். வீட்டின் அமைப்புக்கு மூல ஆசிரியரிடம் கேளுங்கள். ஜன்னல் கண்ணாடிகளை எடுக்க வேண்டாம். அவற்றைத் தர என்னால் முடியாது.